நாம் கைவிட்டதை நம் பெருமை என்று சொல்லலாமா?

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் காந்தி சிலைப் பக்கம் நாங்கள் ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். பென்ஷன், சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் பேசி முடித்த பிறகு தினமும் ஒரு தீர்மானம் நிறைவேறும்: "நம்ம காலத்துல வந்த படம் என்ன, பாட்டு என்ன! இப்போ வர்றதெல்லாம் ஒரு பாட்டா?" இத்தனை வருஷமாக நானும் கை தூக்கியவன்தான். போன வாரம் தூக்கவில்லை. அதில் வந்த சண்டைக்கு இது என் பதில்.

அன்று ஒரு நண்பர் கைப்பேசியில் ஒரு பட்டியலைப் படித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் மேல்நாட்டில் வந்த 'கல்ட்' படங்கள், ராக் இசைத்தட்டுகள். "பார்த்தீங்களா, உலகமே நம்ம காலத்தைத்தான் கொண்டாடுது" என்றார். "இதில் எதை நீங்கள் 1972-இல் கேட்டீர்கள்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபம் எதற்கு? 'கல்ட்' என்ற சொல்லின் பொருளைப் பாருங்கள். வெளிவந்தபோது ஊர் ஏற்காமல், ஒரு சிறு கூட்டம் மட்டும் விடாமல் பிடித்துக் காப்பாற்றிய படைப்புக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர். அப்படியானால் அது நம் தலைமுறைக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரமா, குற்றப் பத்திரிகையா?

'ஹெரால்டு அண்ட் மாட்' என்ற அமெரிக்கப் படம் 1971 டிசம்பரில் வந்தது. சாவையே நினைத்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கும், எண்பதைத் தொடப்போகும் ஒரு கிழவிக்கும் இடையே வரும் அன்புதான் கதை. விமர்சகர்கள் பலர் திட்டினார்கள், கூட்டம் வரவில்லை. ஆனால் மினசோட்டாவில் ஈடைனா என்ற ஊரில் ஒரு தியேட்டர் அதை இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டியது. பாரிசில் 1973-இல் அதை நாடகமாகப் போட்டார்கள். கிழவியாக நடித்த மதலேன் ரெனோவுக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. இப்படிச் சிலர் தூக்கிப் பிடித்ததால்தான் அந்தப் படம் இன்று பட்டியலில் இருக்கிறது.

நிக் டிரேக் என்ற ஆங்கிலேய இளைஞர் 1972-இல் 'பிங்க் மூன்' என்ற இசைத்தட்டு போட்டார். ஒரு கிடார், ஒரு குரல், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. யாரும் வாங்கவில்லை. 1974-இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் அந்தப் பாட்டு வந்த பிறகுதான் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். 

ரோட்ரிகஸ் என்பவர் டெட்ராய்ட்காரர். 1970-இலும் 1971-இலும் இரண்டு தட்டுகள் போட்டார். சொந்த நாட்டில் விலை போகவில்லை. பழைய கட்டடம் இடிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டார். தென்னாப்பிரிக்க இளைஞர்கள் அவர் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் தெரியாது. அவர் செத்துப்போனதாகக்கூட அங்கே நம்பினார்கள். 1998-இல் அங்கே போய்ப் பாடினார். அவரைப் பற்றி 2012-இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது.

சரி, ஊரார் கதை போதும். என் கதைக்கு வருகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1973-இல் என் பெரியம்மா மகன், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர், விடுமுறையில் வந்தபோது சில தட்டுகள் கொண்டுவந்தார். அதில் ஒன்று செர்ழ் கேன்ஸ்பூரின் 'இஸ்த்வார் து மெலொதி நெல்சன்'. 1971-இல் வந்தது. நீல அட்டையில் ஜேன் பிர்கின் ஒரு குரங்குப் பொம்மையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஐந்து நிமிஷம் கேட்டேன். மனுஷன் பாடவே இல்லை, முணுமுணுக்கிறான். "என்னண்ணே, இது பாட்டா, பேச்சா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, க்ளோத் பிரான்சுவா தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். பிரான்சிலும் அதற்கு அதே கதிதான், விற்கவில்லை.

இன்று அதை பிரெஞ்சு இசையின் சிகரங்களில் ஒன்று என்கிறார்கள். நான் அதை முழுதாகக் கேட்டது இந்தக் கோடை விடுமுறையில்தான். அதுவும் என் பேத்தி சொல்லி. "தாத்தா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, அர்த்தம் சொல்லுங்க" என்று ஒரு காதுக்கு அவள், ஒரு காதுக்கு நான். மொத்தம் இருபத்தெட்டு நிமிஷம்கூட இல்லை. அந்த வயலின்களையும் கடைசியில் எழும் கூட்டுக்குரலையும் ழான் குளோத் வனியே அமைத்திருக்கும் அழகில் அசந்துபோனேன். முடிந்ததும் பேத்தி சொன்னாள்: "மியூசிக் பிரமாதம் தாத்தா. ஆனா அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசுதானே? அந்த ஆளு பண்றது தப்பில்லையா?"

தப்புதான். நான் 1973-இல் இசையையும் கேட்கவில்லை, அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பெண் இரண்டையும் கேட்டாள். ரசனை கெட்டுப்போன தலைமுறை எது, நீங்களே சொல்லுங்கள்.

"அந்தக் காலத்தில் நல்லது நிறைய வந்தது, அதனால்தானே இன்றும் நிற்கிறது" என்று நண்பர் வாதாடினார். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். அலுவலகத்தில் சில கோப்புகள் நிரந்தரம், சில மூன்று வருஷத்தில் அழிக்க வேண்டியவை. ஐம்பது வருஷம் கழித்து பதிவறைக்குள் நுழைகிறவன், "ஆகா, அந்தக் காலத்தில் முக்கியமான காகிதம் மட்டுமே எழுதினார்கள்" என்று நினைத்தால் எப்படி? குப்பை எரிந்துபோயிற்று என்பது அவனுக்குத் தெரியாது. நம் காலத்துக் குப்பையும் அப்படித்தான் எரிந்தது. இன்றைய குப்பை இன்னும் எரியவில்லை, அதுதான் வித்தியாசம்.

'உலகம் சுற்றும் வாலிபன்' பார்க்க வரிசையில் நின்றோம், மகிழ்ந்தோம். அதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, அது நாம் வாழ்ந்த வாழ்க்கை. நாம் தூக்கி எறிந்ததையும் நம் கணக்கில் வரவு வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

அந்த மெலொதி நெல்சன் தட்டின் கடைசிப் பாட்டின் பெயர் 'கார்கோ குல்த்'. பசிபிக் தீவுகள் சிலவற்றில், போர்க்காலத்தில் சரக்கோடு வந்த விமானங்கள் மறுபடி வரும் என்று மரத்தாலும் மூங்கிலாலும் போலி விமான நிலையம் கட்டிக் காத்திருந்தார்களே, அந்த வழிபாட்டின் பெயர் அது. காந்தி சிலைப் பக்கம் தினமும் உட்கார்ந்து நாம் கட்டுவதும் அதேதான். 1972 திரும்பி வந்து இறங்காது.

இன்று வந்திருக்கும் ஏதோ ஒன்று 2070-இல் அப்படி ஒரு பட்டியலில் இருக்கும். பேரனோ பேத்தியோ அதைக் கேட்கச் சொன்னால், ஐந்தாவது நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நான் அப்படிக் கொடுத்தவன், அதனால் சொல்கிறேன். திட்ட விரும்புகிறவர்கள் நாளைக் காலை ஆறரை மணிக்கு வழக்கமான இடத்துக்கு வரலாம்.