பக்கத்து லேப்டாப்புடன் விளையாட யாரிடம் அனுமதி கேட்பது?

வீட்டில் இரண்டு லேப்டாப்கள் உள்ளன. அண்ணன் ஒன்றிலும் தங்கை ஒன்றிலும் அமர்ந்து ஒரே கேமை எதிரெதிராக விளையாட விரும்புகிறார்கள். இருவருக்கும் இடையே நான்கு அடி தூரம்தான். ஆனால், இன்றைய கேம்கள் பலவற்றில் அண்ணன் செய்யும் ஒவ்வொரு நகர்வும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, திரும்பி வந்த பிறகே தங்கையின் திரையில் தெரிகிறது. இன்டர்நெட் நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். இந்தச் சுற்றுவழி தேவையற்றது. காசு கொடுத்து கேம் வாங்குபவருக்கு நஷ்டமும்கூட என்பது என் கருத்து.

முன்பு இப்படி இல்லை. 1993ல் வந்த டூம் கேமை லோக்கல் நெட்வொர்க்கில், அதாவது லேன் வழியாக, நான்கு பேர் விளையாடலாம். 1998ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் இன்னும் தாராளம். ஒரே சிடியைக் கொண்டு நண்பர்களின் கம்ப்யூட்டர்களிலும் மல்டிபிளேயருக்கு மட்டுமான பிரதியைப் பதிய "ஸ்பான்" என்ற வசதியை அதுவே தந்தது. அதன் அடுத்த பாகம் 2010ல் வந்தபோது லேன் வசதியே இல்லை.

திருட்டுப் பிரதிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால், அதற்கான விலையைக் கொடுப்பது யார்? பல கேம்களின் ஆன்லைன் ஆட்டத்தைத் தாங்கி நின்ற கேம்ஸ்பை சேவை 2014 மே 31ல் மூடப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்த கேம்களில் மல்டிபிளேயர் முடங்கியது. லேன் வசதி கொண்டவற்றை வீட்டுக்குள் தொடர்ந்து விளையாட முடிந்தது. 2014ல் வெளியான தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31ல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு, வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியவில்லை. சிடி அலமாரியில் இருக்கிறது, கேம் இல்லை!

"லேன் அமைப்பது சாதாரண ஆட்களுக்குச் சிரமம்" என்பது இன்னொரு வாதம். கிராஸ் ஓவர் கேபிள் தேடி அலைந்த காலத்தில் அது உண்மை. இன்று அப்படி இல்லை. இலவசமாகக் கிடைக்கும் 0 ஏ.டி. என்ற ஓப்பன் சோர்ஸ் கேமை எடுத்துக்கொள்வோம். இரண்டு லேப்டாப்களிலும் ஒரே பதிப்பைப் பதியுங்கள். இரண்டையும் ஒரே வைஃபையில் இணையுங்கள். முதல் லேப்டாப்பில் மல்டிபிளேயர் மெனு சென்று ஹோஸ்ட் கேம் கொடுங்கள். அதே லேப்டாப்பின் விண்டோஸ் செட்டிங்ஸில், வைஃபை இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் ஐபிவி4 அட்ரஸ் இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது லேப்டாப்பில் ஜாயின் கேம் கிளிக் செய்து அந்த எண்ணைத் தாருங்கள். அவ்வளவுதான்.

இணைப்பு கிடைக்கவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள். வைஃபை இணைப்பு விண்டோஸில் "பிரைவேட்" நெட்வொர்க்காக இருக்க வேண்டும். ஃபயர்வாலில் அந்த கேமிற்கு அனுமதி தந்திருக்க வேண்டும். ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபைகளிலும் ரௌட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கிலும் ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே இரண்டு லேப்டாப்களையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் நேரடியாக இணைத்துவிடலாம். இன்றைய லேப்டாப்களுக்குச் சாதாரண கேபிளே போதும். ஒன்றுக்கு 192.168.1.1, மற்றொன்றுக்கு 192.168.1.2 என ஐபி எண்ணும், இரண்டுக்கும் 255.255.255.0 என சப்நெட் மாஸ்க்கும் கொடுங்கள். கேபிளில் தகவல் சென்று திரும்ப ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது. தொலைதூர சர்வர் எதுவும் இந்த வேகத்தைத் தர முடியாது.

பத்து நிமிட வேலை இது. இதைச் சிரமம் என்று சொல்லி ஒரு வசதியையே நீக்குவது நியாயமில்லை. ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் நண்பர்களுக்கு ஆன்லைன் சர்வர் வேண்டும்தான்; நான் மறுக்கவில்லை. அதோடு லேனும் இருக்கட்டும் என்கிறேன். சர்வரை என்று நிறுத்துவது என்பது நிறுவனத்தின் முடிவு. லேன் நம் கையில் இருக்கிறது.

எனவே, அடுத்த முறை கேம் வாங்கும் முன், கிராபிக்ஸ் கார்டு தேவையைப் பார்ப்பதுபோல லேன் வசதியையும் பாருங்கள். ஸ்டீம் தளத்தில் "லேன் கோ-ஆப்", "லேன் பிவிபி" என்று தனியாகவே குறித்திருப்பார்கள். வாங்கியதும் ரௌட்டரை ஆன் செய்தபடியே, அதற்கு வரும் இன்டர்நெட் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு விளையாடிப் பாருங்கள். ஓடவில்லையென்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்டால்தான் விற்பவர்கள் கொடுப்பார்கள்.