கெட்டிக்கார எலிகள்

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ராபர்ட் ரோசந்தால் என்ற மாணவர் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தார். 1956-ல் ஆராய்ச்சியை முடித்தார்.

கணக்கைப் பார்த்தார். திடுக்கிட்டார்!

ஆட்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார். சோதனை தொடங்கும் முன்பே குழுக்களுக்குள் வித்தியாசம் இருந்தது. அதுவும் அவர் எதிர்பார்த்த பக்கமே சாய்ந்திருந்தது. யார் எந்தக் குழு என்பது அவருக்குத் தெரியுமே! தம்மை அறியாமல் தாமே காட்டிக் கொடுத்து விட்டோமோ என்று சந்தேகப்பட்டார்.

அவர் அதை மூடி மறைக்கவில்லை. அதையே ஆராய்ந்தார்.

1963-ல் வெளிவந்த சோதனை வேடிக்கையானது. 12 மாணவர்களிடம் எலிகள் கொடுக்கப்பட்டன. "இவை கெட்டிக்கார எலிகள்" என்று பாதிப் பேரிடமும், "இவை மந்தம்" என்று மீதிப் பேரிடமும் சொன்னார்கள். உண்மையில் எல்லாமே சாதாரண எலிகள்! ஆனாலும், 'கெட்டிக்கார' எலிகளே நன்றாக வழி கண்டுபிடித்ததாகக் கணக்கு வந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு!

இது எலியோடு போகிற சங்கதி அல்ல. 100 மனோதத்துவ ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015-ல் வெளிவந்தது. நாற்பது கூடத் தேறவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், மன நோய்க்குச் சிகிச்சை செய்வதும் இத்தகைய முடிவுகளை நம்பித்தானே?

ஆகவே, பட்டம் கொடுக்கும் பல்கலைக் கழகங்கள் முதலில் சோதனை முறையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். எது எந்தக் குழு என்பது சோதிப்பவருக்கே தெரியக் கூடாது. எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். "எதிர்பார்த்தது வரவில்லை" என்று உண்மையைச் சொல்லும் மாணவருக்கும் பட்டம் கொடுக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். வெறும் கையோடு வரும் மாணவரை எந்தப் பேராசிரியர் மெச்சுவார்? மெச்சத்தான் வேண்டும்.