ஒட்டிய கோப்பையில் தேநீர் அருந்தலாமா?

உடைந்த பீங்கானைப் பொன் வரிகளால் இணைக்கும் ஜப்பானியக் கலையான கின்ட்சுகி பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். உடைவை மறைக்காது அதனையே அழகாக்கும் அந்த மரபு, போரினாலும் இடப்பெயர்வினாலும் சிதறுண்ட எமது சமூகத்துக்கும் ஒரு பாடம் என்ற தோரணையில் அது அமைந்திருந்தது. பாராட்டுகள் வந்தன. ஒரு வாசகி மாத்திரம் ஒரே வரியில் வினவியிருந்தார்: "ஐயா, அப்படி ஒட்டிய கோப்பையில் தேநீர் குடிக்கலாமா?" எனக்கு விடை தெரியவில்லை. பதில் எழுதாமலே விட்டுவிட்டேன்.

அந்த வினா அண்மையில் என் மடியிலேயே வந்து விழுந்தது.

நான் ஓய்வுபெற்ற நாளன்று அச்சுக்கூடத் தொழிலாளர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து வாங்கித் தந்த பீங்கான் கோப்பை ஒன்று என்னிடம் உண்டு. அதன் பிடி உடைந்தபோது, விடுமுறையில் வந்திருந்த பேரன் கடையில் ஒரு சிறு குழாய்ப் பசையை வாங்கி வந்து, "அப்பப்பா, ஒரு நிமிட வேலை" என்று ஒட்டித் தந்தான். சில வாரங்கள் குறையொன்றும் இல்லை. ஒரு நாட் காலை, கொதிநீரில் போட்ட தேநீரை உயர்த்தியபோது பிடி என் கையில் இருந்தது. கோப்பை தொடையில் இருந்தது. இரண்டு வாரங்கள் புண்ணுக்கு மருந்து கட்ட நேர்ந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் இரண்டு வயதுப் பேத்தி அதே மடியில் அமர்ந்திருந்தாள் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகின்றது.

பேரனைக் குறை கூறுவதற்கில்லை. நொடியில் ஒட்டும் அவ்வகைப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். ஈரமும் சூடும் மாறி மாறிப் படும்போது அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும். இரு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பொக்சிப் பசை அதனிலும் வலுவானதே. ஆயினும் அறை வெப்பநிலையில் இறுகும் சாதாரண எப்பொக்சிகள் பல, 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்குகின்றன. நாம் ஊற்றும் தேநீரோ 80 பாகைக்கும் மேற்பட்டது. கலவையின் அளவு பிசகினால் இறுகாத இரசாயனம் எஞ்சி நின்று பானத்தில் கசியவும் கூடும். 'நச்சற்றது' என்று உறையில் அச்சிட்டிருப்பது, உணவு படும் இடத்தில் பாவிக்க உகந்தது என்று பொருள்படாது.

உடைவு எங்கே என்பதையும் நோக்க வேண்டும். பிடியில் உடைந்தால் பசை பானத்தைத் தொடாது. ஆனால் முழுப் பாரத்தையும் அதுவே சுமக்கின்றது. விளிம்பில் உடைந்தால் பசை உதட்டைத் தொடும்; உட்புறத்தில் உடைந்தால் தேநீரைத் தொடும். மெருகு பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் மண், பல கோப்பைகளில் நீரை உறிஞ்சி அழுக்கையும் கிருமியையும் தேக்கி வைத்துக்கொள்ளும். பழைய பாத்திரங்கள் சிலவற்றின் மெருகில் ஈயமும் உண்டு. தேசிக்காய்ப் புளி அதனை மேலும் கரைத்தெடுக்கும்.

அவ்வாறாயின் ஜப்பானியர் எவ்வாறு ஒட்டிய கிண்ணத்தில் அருந்தினர்? அங்கே ஒட்டுவது பொன் அன்று. உருஷி என்னும் மரப்பால். மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்து மரம் அது. மாம்பால் பட்டால் தோல் வெந்து புண்ணாவதை ஊரில் அறியாதார் யார்? பச்சை உருஷியும் அப்படித்தான், அதனிலும் கொடியது. அதனை மாவுடன் குழைத்து ஒட்டி, ஈரப்பதனும் இதமான சூடும் உள்ள பெட்டியில் வைத்து, நிரப்பி, தேய்த்து, மீண்டும் பூசி, இறுதியிலேயே பொற்பொடி தூவுவர். வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். முற்றாக இறுகிய பின்னர் அது தீங்கற்றது. சூடான சூப் அருந்தும் மரக் கிண்ணங்களுக்கு ஜப்பானில் நெடுங்காலமாகப் பூசப்பட்டு வருவதும் அதுவே. அப்போதும் அதனை நுண்ணலை அடுப்பில் வைக்கலாகாது.

இன்று 'கின்ட்சுகி' என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது எப்பொக்சியும் பொன்னிறப் பொடியுமே. அலங்காரத்துக்கு அதில் தவறில்லை. ஆனால் அதில் ஒட்டியதை உண்ணவும் பருகவும் பாவிக்கலாமா என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் சொல்வது விற்பவரின் கடமை. மூலையில் நுண்ணெழுத்தில் சொல்வது சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

விற்பவரை மட்டும் குறைகூறி நான் தப்பிவிட முடியாது. பொன் வரியைப் புகழ்ந்து எழுதிய நான், அதற்கு அடியிலிருக்கும் மரப்பாலையும் மாதக்கணக்கான பொறுமையையும் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. உடைந்தது எதுவும் ஒட்டும் என்று ஆறுதல் கூறுவது எளிது. ஒட்டியது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்வதே பொறுப்பு. கோப்பைக்கு மட்டுமன்றி, உடைந்த சமூகத்துக்குப் பாடம் சொல்லப் புறப்படும் எழுத்தாளனுக்கும் இது பொருந்தும்.

அச்சில் விட்ட பிழையை அச்சிலேயே திருத்த வேண்டும் என்று இளம் நிருபர்களுக்குப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். ஆகவே அந்த வாசகிக்குக் காலந்தாழ்த்திய என் பதில் இது: அம்மா, கடைப் பசையால் ஒட்டிய கோப்பையில் தேநீர் அருந்த வேண்டாம். கைதேர்ந்தவர் உருஷியால் முறைப்படி ஒட்டித் தந்தால் அருந்தலாம். அது கிட்டாவிடில், மனதுக்கு நெருக்கமான கோப்பையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சூடான எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

என் கோப்பையின் பிடியை மீண்டும் ஒட்டியிருக்கிறேன். இப்போது அது மேசையில் என் பேனாக்களைத் தாங்கி நிற்கின்றது. அச்சுக்கூடத் தோழர்கள் தந்த பொருளுக்கு அதுவும் பொருத்தமான வேலைதான்.