ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

எழுமலையில் மலை உண்டு, கடல் இல்லை. ஆனாலும் கடலில் ஒரு சட்டம் மாறினால், அது உசிலம்பட்டி வழியாக எழுமலைக்கும் வந்து சேர்ந்து விடுகிறது!

எப்படி?

எழுமலையில் ஒருவர் தென்னை நார்க் கட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு மதுரை வழியாகத் தூத்துக்குடி போகிறது. பெரிய இரும்புப் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. அந்தப் பெட்டிதான் "கண்டெய்னர்."

முன்பு தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. சில மைல் தள்ளி நிற்கும். மூட்டைகள் தோணியில் போகும். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்திலும் அதுதான் நிலை. மூட்டையின் கனம் அதைத் தூக்கியவர் தோளுக்குத் தெரியும். பெட்டியின் கனமோ காகிதத்துக்குத்தான் தெரியும். காகிதம் பொய் சொன்னால்?

2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில், புயலில் சிக்கிய "எம்.எஸ்.சி. நெப்போலி" என்ற கப்பலின் உடல் விரிந்தது. அதில் இருந்த 26 பேரும் உயிர் தப்பினார்கள். பிறகு, மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை எடை போட்டார்கள். 137 பெட்டிகளில், எழுதிய எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம்!

விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உலகம் விழித்துக்கொண்டது. 2016 ஜூலை 1 முதல் புது விதி வந்தது. எடைச் சீட்டு இல்லாத பெட்டி கப்பல் ஏறக்கூடாது. எடைக்குப் பொறுப்பு, சரக்கை அனுப்புகிறவர்.

  கப்பல் கம்பெனிகள் சீட்டு வந்து சேரக் கெடு வைத்தன. கனமான பெட்டி கீழே, லேசானது மேலே என்று அடுக்க, உண்மையான எடை அவர்களுக்கும் உதவுகிறது. கெடு தப்பினால் பெட்டி கரையில் நிற்கும்; கப்பல் போய்விடும்!

நல்ல விதிதான். மாலுமியின் உயிரைக் காக்கிறது. ஆனால் சுமை யார் தலையில்? பெரிய கம்பெனிக்குச் சட்டம் படித்துச் சொல்ல ஆள் உண்டு. சிறு வியாபாரிக்கு யார்? ஒரே பெட்டியில் பத்துப் பேர் சரக்கு இருந்தால், ஒருவர் தவறுக்கு ஒன்பது பேரும் அல்லவா காத்துக் கிடக்க வேண்டும்!

2025-ல் மேலும் மாற்றம். 1908-ம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது. 1856-ம் ஆண்டுக் கப்பல் சரக்குச் சீட்டுச் சட்டமும் மாற்றப்பட்டது.

சட்டம் மாறட்டும். ஆனால் அது புரியும் தமிழில் ஊருக்கு வர வேண்டும். என்ன சீட்டு, என்ன கட்டணம், எப்போது கெடு? இம்மூன்றையும் எடைமேடை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இது அரசின் கடமை.

சரக்கு அனுப்புகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். கடலில் போவதை அளக்காமல் விடலாமா?