பழைய ஹோண்டா சிட்டி: பெயிண்ட் அப்புறம், பெல்ட் முதல்ல

1998-ல இங்க வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டிய வாங்கி வீட்டுலயே தேத்தணும்னு நம்மாளுங்க நிறைய பேருக்கு ஆசை. நல்லது. ஆனா கையில காசு வந்ததும் பெயிண்டுக்கும் அலாய் வீலுக்கும் ஓடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல.

அந்த 1.5 எஞ்சின்ல டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். ஓடுறப்ப அறுந்தா பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சிரும், ஹெட்டையே இறக்கணும். "40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார்"னு விக்கிறவர் சொல்றது செல்லாது. சும்மா நின்ன வண்டியிலயும் ரப்பர் கெடும். மாத்தினதுக்கு பில் இல்லையா? மாத்தலைன்னே வச்சுக்குங்க. கழட்டும்போதே வாட்டர் பம்பையும் மாத்திடுங்க, கூலி ஒண்ணுதான்.

இந்த வேலைய மட்டும் மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. ரேடியேட்டர் ஹோஸ், ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்லயே ஒரு ஞாயித்துக்கிழமை முடியும், அசோசியேஷன் செக்ரட்டரி கண்ணுல படாம இருந்தா :-)

20 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025-ல 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க (டெல்லிப் பக்கம் வேற கதை). அது போக மிச்சத்துல பெல்ட், பிரேக், ஹோஸ். பொங்கலுக்குப் பிள்ளைகளோட ஊருக்கு இதுலதானே போகப் போறீங்க? பெயிண்ட அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம்.