காம்யுவும் கடலூர் இந்துமதியும்

ஆல்பெர் காம்யு இளமையில் கோல்காப்பாளராக நின்றவர் என்று சொல்லிச் சொல்லி மகிழும் நம் சிற்றிதழாளர்களிடம் ஒன்று கேட்கிறோம்: 2019இல் தமிழ் மண்ணின் கால்பந்து கண்டவை உங்கள் செவிக்கு எட்டினவா?

மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி ஐ-லீக் பட்டம் பெற்றது. தமிழக அணியொன்றுக்கு அதுவே முதன்முறை. அதே மாதம் நேபாளத்தின் விராட்நகரில், தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் இந்திய மகளிர் வங்கதேசத்தை 4-0 என வீழ்த்தினர். அவற்றுள் இரண்டு கோல்கள் கடலூர் இந்துமதி கதிரேசன் அடித்தவை. மே மாதம் மதுரையின் சேது அணி மணிப்பூர் போலீசை வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது.

'கால்பந்து வங்காளிக்கும் மலையாளிக்கும் உரியது' என்பது சோம்பலின் வாக்கு. போராடியதனால் 1960இல் தமிழகத்தோடு சேர்ந்த ஊர் எமது திருத்தணி. உரிமை கோராதது கைவிட்டுப் போகும் என்பதை நாம் அறிவோம். நாளிதழ்ச் செய்தி மறுநாளே பழையதாகிவிடும். அந்தச் சென்னை சிட்டியும் 2021க்குப் பின் ஐ-லீக்கில் ஆடவில்லை. அதை நினைவில் நிறுத்த வேண்டியது இலக்கியம் அன்றோ? அல்ஜியர்ஸைக் கண்ட கண்கள் கடலூரையும் காணட்டும்.