முதலில் வீட்டுக் குரல்கள்

பல இல்லங்களில் கூடத்து மூலையில் இருக்கும் பழைய கணினிக்குள் ஒரு பெரும் செல்வம் உறங்குகிறது. சுப்ரபாதம், சகஸ்ரநாமம், திருப்புகழ், உபந்நியாசங்கள், கும்பாபிஷேகப் படங்கள் எனப் பல ஆண்டுகள் சேர்த்தவை அவை. இன்று அவற்றைக் கைப்பேசியில் கேட்கவே முதியோர் விரும்புகின்றனர்.

எனினும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் அழிந்துபோனாலும் மீண்டும் கிடைக்கும். மறைந்த தந்தையார் பூஜையறையில் ருத்ரம் சொன்ன பதிவு வேறெங்கும் கிடைக்காது. கணினியின் ஹார்ட் டிஸ்க் என்றேனும் பழுதாகக்கூடியதே. ஆதலால் வீட்டுக் குரல்களையே முதலில் மாற்றுதல் வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிளால் கணினியுடன் இணைத்தால், பெரும்பாலும் முதலில் சார்ஜ் மட்டுமே ஏறும். திரையை மேலிருந்து கீழே இழுத்து, அங்குள்ள அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே கணினியில் கைப்பேசியின் பெயர் தோன்றும். தோன்றாவிடில் வேறு கேபிளை முயலலாம். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே உதவும். பின்னர்ப் பாடல்களை ‘மியூசிக்’ என்னும் ஃபோல்டரில் இடலாம்.

இவ்விடத்தில் ‘கட்’ கூடாது. ‘காப்பி’ செய்வதே முறை. நடுவில் கேபிள் கழன்றாலும் மூலம் கணினியில் பத்திரமாக இருக்கும். 128 கிலோபிட் தரமுள்ள எம்.பி.3 பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் கொள்ளும்; குறுந்தகட்டுத் தரமுள்ள ‘வேவ்’ பதிவுக்கு 600 மெகாபைட்டுக்கும் மேல் தேவை. படங்களையும் இவ்வாறே கேபிள் வழியாக மாற்றுதல் நன்று. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அவற்றின் தெளிவு குறைந்துவிடும்.

முடிந்தபின் இரு புறமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா எனச் சரிபார்த்து, சிலவற்றை ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். கைப்பேசி தவறி விழலாம், தொலைந்தும் போகலாம். எனவே பென் டிரைவில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் பேரப்பிள்ளைகள் நொடியில் செய்து தருவர். ஆனால் ‘ஆடியோ 17’ என்னும் பதிவில் ஒலிப்பது எவர் குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை அவர்கள் அறியார். அப்பெயரைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டியவர் வீட்டின் மூத்தவரே. அவர் சொல்லாமல் விட்டால், குரல் பிழைத்திருந்தும் அது யாருடையதென்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.